கணிப்பொறிக்குள் ஒரு குடிமாற்றம்

பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைக் கோயிலுக்கு வருபவர்கள், செருப்பைப் பாதுகாக்கும் இடத்தில் விட்டுவிட்டு ஒரு டோக்கனைப் பெற்றுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் எண் இருக்கும், பெயர் இராது. ஏன்? கிரிவலத்துக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் நாளில், “குமார், உங்கள் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கூப்பிட்டால் எத்தனை குமார்கள் வந்து நிற்பார்கள்! எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. டோக்கன் கையில் இல்லையென்றால், “நான்தான் குமார்” என்று சொல்வதால் மட்டும் செருப்பு கிடைத்துவிடாது.

கணிப்பொறியும் இப்படித்தான் மனிதர்களை அடையாளம் காண்கிறது. திரையில் உங்கள் பெயரைக் காட்டும். உள்ளே எண்ணைத்தான் பார்க்கும். இந்த ஒரே உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒருவருடைய கணக்கிலிருந்து இன்னொருவருடைய கணக்குக்குக் கோப்புகளையும் அமைப்புகளையும் மாற்றும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் விளங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் பிறகு ஒரே மடிக்கணினியை அக்காளும் தம்பியும் அடுத்தடுத்துப் பயன்படுத்தும் வீடுகள் பல. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் அக்காள் ஓர் ஆய்வு செய்திருக்கிறாள். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களின் அருகே, பன்னிரண்டு பௌர்ணமி நாட்களில், மாலை வெப்பநிலையை அளந்து பதிந்திருக்கிறாள். இடத்துக்கு ஒரு கோப்புறை. பௌர்ணமிக்கு ஒரு கோப்பு. ஆக 8 × 12 = 96 கோப்புகள். இப்போது அவள் கல்லூரிக்கு வெளியூர் போகிறாள். ஆய்வைத் தொடரப் போகிறவன் பத்தாம் வகுப்புத் தம்பி. அவன் தன் பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அக்காளின் கணக்கை நீக்கிவிட நினைக்கிறான்.

நீக்கும் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: கணக்கையும் தரவுகளையும் நீக்கு! ஓராண்டு உழைப்பு ஒரு சொடுக்கில் போய்விடும். கடந்துபோன பௌர்ணமியின் வெப்பநிலையை யாராலும் திரும்ப அளக்க முடியாது. ஆகவே மாற்றுவது எப்படி என்பதைப் போலவே, மாற்றியது சரிதானா என்று சோதிப்பதும் முக்கியம்.

புரொஃபைல் என்பது என்ன?

கணக்கு வேறு, புரொஃபைல் வேறு. கணக்கு என்பது நீங்கள் யார் என்ற பதிவு. புரொஃபைல் என்பது அந்தக் கணக்குக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. விண்டோஸில் இது ‘சி’ தட்டின் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள், பயனரின் பெயர் தாங்கிய கோப்புறையாக இருக்கும். லினக்ஸில் ‘ஹோம்’ என்ற கோப்புறைக்குள் இருக்கும்.

இந்தக் குடியிருப்பில் மூன்று வகைப் பொருள்கள் உள்ளன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் பொருள்கள்: ஆவணங்கள், படங்கள், திரையின் முகப்பில் வைத்த கோப்புகள். இரண்டாவது, மறைவாக வைக்கப்பட்டவை: ‘ஆப் டேட்டா’ என்ற மறைந்த கோப்புறை. உலாவியின் குறிப்புகள், நிரல்களின் அமைப்புகள் எல்லாம் இங்கே அடங்கும். மூன்றாவது, ‘என்.டி.யூசர்.டாட்’ என்ற கோப்பு. பயனரின் விருப்பங்கள் பலவற்றை விண்டோஸ் இதில் எழுதிவைக்கிறது. வீட்டுச் சாமான்கள், பரணில் கிடப்பவை, வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று இவற்றை ஒப்பிடலாம்.

நான் யார்?

திருவண்ணாமலைக்கு ‘நான் யார்?’ என்ற கேள்வி புதிதன்று. ரமண மகரிஷியின் புகழ்பெற்ற சிறுநூலின் பெயரே அது. விண்டோஸும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்! கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘ஹூ ஆம் ஐ’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடும் ‘யூசர்’ என்ற சொல்லும் சேர்த்து உள்ளிடுங்கள். உங்கள் பெயரும் அதற்கு எதிரே ஒரு நீண்ட எண்ணும் தோன்றும். வீட்டுக் கணிப்பொறியில் அது ‘எஸ்-1-5-21’ எனத் தொடங்கும். பிறகு மூன்று பெரிய எண்கள். கடைசியில் 1001 போன்ற ஒரு சிறிய எண்.

அந்த மூன்று பெரிய எண்களும் கணிப்பொறியைக் குறிக்கும். ஒவ்வொன்றும் 32 பிட் அளவுடையது. ஆகவே மொத்தம் 96 பிட். 2-இன் 96-ஆம் அடுக்கு, ஏறத்தாழ 8-க்குப் பின் 28 சுழியங்கள் இட்ட எண்! இரண்டு கணிப்பொறிகளுக்குத் தற்செயலாக ஒரே எண் அமைவது நடைமுறையில் நிகழாது எனலாம். கடைசிச் சிறிய எண் அந்தக் கணிப்பொறிக்குள் பயனரைக் குறிக்கும்.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. ஒரு கணக்கை நீக்கிவிட்டு, அதே பெயரில் அதே கடவுச்சொல்லுடன் மறுபடியும் கணக்குத் தொடங்கினால் பழைய கணக்கு மீளாது. பெயர் ஒன்றுதான்; எண் புதிது. பழைய கோப்புறை தப்பியிருந்தாலும், கணிப்பொறி அதைப் புதியவருக்குத் தராது. பெயருக்குப் பின் கணிப்பொறியின் பெயரையும் ஒட்டி வேறொரு கோப்புறையை உண்டாக்கிக் கொடுக்கும்.

லினக்ஸில் எண் மிகச் சிறியது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தழுவியது. டெபியனில் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். வீட்டிலுள்ள கணிப்பொறியில் அக்காளின் எண் 1000. பள்ளிக் கணிப்பொறியில் வேறு யாரோ ஒருவரின் எண்ணும் 1000. அக்காளின் கோப்புகளை லினக்ஸ் முறையில் அமைத்த வட்டில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனால், அங்கே அவை அந்த ‘யாரோ ஒருவருக்கு’ உரியவையாகத் தோன்றும். இரண்டு கோயில்களில் ஒரே எண்ணுள்ள டோக்கன் கொடுத்தது போன்ற நிலை இது.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னான்டோ கார்பட்டோவும் குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ‘சி.டி.எஸ்.எஸ்.’ என்ற முறையை 1961-இல் செய்துகாட்டினார்கள். கடவுச்சொல்லைப் பயன்படுத்திய தொடக்ககால முறைகளுள் அது ஒன்று. 1960-களின் நடுவில் ஒரு நாள், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! காரணம் எளிது. கோப்பைத் திருத்தும் நிரல், தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைச் சூட்டியது. நிர்வாகிகள் இருவர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்தபோது, அறிவிப்பும் கடவுச்சொல் பட்டியலும் இடம் மாறிவிட்டன. பெயர் ஒன்றானதால் பொருள் மாறிப்போயிற்று.

தொல்லைகளும் காரணங்களும்

இப்போது நம் தம்பி சந்திக்கக்கூடிய தொல்லைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் தொல்லை: ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி. ஒவ்வொரு கோப்புறையுடனும் யார் யார் திறக்கலாம் என்ற பட்டியல் இணைந்துள்ளது. பட்டியலில் இருப்பது அக்காளின் எண். தம்பியின் எண் அதில் இல்லை. நிர்வாகி உரிமையுள்ள கணக்கிலிருந்து தம்பியின் எண்ணையும் பட்டியலில் சேர்த்தால் கோப்புறை திறக்கும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே தட்டுக்குள் ஒரு கோப்பை ‘வெட்டி ஒட்டினால்’ பழைய அனுமதிப் பட்டியலும் அதனுடனேயே போகும். ‘நகலெடுத்து ஒட்டினால்’ புதிய கோப்பு பிறக்கிறது. அது புதிய இடத்தின் அனுமதியைப் பெறுகிறது. ஆகவே வெட்டாதீர்கள்; நகலெடுங்கள். மூலமும் பத்திரமாக இருக்கும்.

பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோனால்? ‘ஃபேட்-32’ முறையில் அமைத்த பென்டிரைவில் அனுமதிப் பட்டியல் எழுத இடமே இல்லை. எனவே அனுமதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்த முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்ற முடியாது. கார்த்திகை தீபத்தை நீண்ட நேரம் எடுத்த ஒளிப்படக் காட்சி ஏறவில்லை என்றால் பென்டிரைவைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாம் தொல்லை: ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்தி. அக்காளின் கணக்கு திறந்திருக்கும் வரை அவளுடைய என்.டி.யூசர்.டாட் பூட்டப்பட்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நோட்டுப் புத்தகத்தை வேறொருவர் பிரதி எடுக்க முடியாதல்லவா? அக்காளும் தம்பியும் வெளியேறிய பின், மூன்றாவதான ஒரு நிர்வாகி கணக்கிலிருந்து நகலெடுப்பதே முறை.

அப்படியே நகல் கிடைத்தாலும், அக்காளின் என்.டி.யூசர்.டாட் கோப்பைத் தம்பியின் கோப்புறையில் போடக் கூடாது. அதன் உள்ளே அக்காளின் எண்ணுக்குரிய அனுமதிகளும் அவளுடைய கோப்புறையின் முகவரிகளும் நிறைந்துள்ளன. தம்பியின் கணக்குக்கு அதைத் திறக்க உரிமை இராது. அதன் விளைவுதான் அடுத்த தொல்லை.

மூன்றாம் தொல்லை: தற்காலிகப் புரொஃபைல். புரொஃபைலைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் பயனரை வெளியே நிறுத்திவிடுவதில்லை. தற்காலிகமாக ஒரு வெற்று அறையைக் கொடுக்கிறது. முகப்புத் திரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று பலர் அஞ்சுவது இப்போதுதான். உண்மையில் அவை பழைய கோப்புறையில் இருக்கும். ஆனால் இந்த வெற்று அறையில் நீங்கள் புதிதாக எழுதிவைப்பவை, வெளியேறியதும் அழிந்துவிடும். எனவே அங்கே எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறுங்கள், கணிப்பொறியை மறுதொடக்கம் செய்யுங்கள். மீண்டும் அதே நிலை என்றால், விண்டோஸின் புரொஃபைல் பட்டியலைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது பழகிய கை செய்யவேண்டிய வேலை. ஆசிரியரின் உதவியை நாடுங்கள்.

நான்காம் தொல்லை: கோப்பு இருக்கிறது, இணைப்பு இல்லை. எட்டு இடங்களின் வெப்பநிலையையும் ஒரே அட்டவணையில் தொகுத்து வைத்திருக்கிறாள் அக்காள். அந்த அட்டவணை மற்றக் கோப்புகளை அவற்றின் முழு முகவரியைக் கொண்டு தேடுகிறது. முகவரியில் அக்காளின் பெயர் இருக்கிறது. வீடு மாறிய பின்பும் கடிதங்கள் பழைய கதவு எண்ணுக்கே போவது போலத்தான் இதுவும். அட்டவணை நிரலில் இணைப்புகளை மாற்றும் வசதி உண்டு. அங்கே புதிய முகவரியைக் கொடுத்தால் போதும்.

ஐந்தாம் தொல்லை: தமிழ் எழுத்துகள் மாயமாதல். இது நமக்கே உரிய தொல்லை. அக்காள் தன் கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், தம்பியின் திரையில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும்! கோப்பு கெட்டுவிடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணுக்குத் தமிழ் உருவத்தை வரைந்து வைத்துள்ளன. எழுத்துரு இல்லையேல் உருவம் இல்லை. 2018-க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் சாதாரணமாக நிறுவும் எழுத்துரு, நிறுவியவரின் புரொஃபைலுக்குள் மட்டுமே போய் அமர்கிறது. அக்காளுக்குத் தெரியும் எழுத்து தம்பிக்குத் தெரியாமல் போவது இதனால்தான். ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்ற வழியில் எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். யூனிகோடில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை எழாது. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமக்கே உரிய எண்கள் உண்டு. இங்கேயும் எண்தான் அடையாளம், பார்த்தீர்களா!

கொண்டுபோக முடியாதவை

உலாவியின் கோப்புறையை நகலெடுத்தால் பக்கக் குறிகள் வந்துவிடும். சேமித்த கடவுச்சொற்கள் திறக்கமாட்டா. அவை அந்தப் பயனருக்கே உரிய ஒரு சாவியால் பூட்டப்பட்டவை. அந்தச் சாவியைப் பயனரின் கடவுச்சொல் காக்கிறது. விண்டோஸின் மறையாக்க வசதியால் பூட்டிய கோப்புகளும் அப்படியே. பெட்டியைத் தூக்கிச் செல்லலாம். சாவி உடன் வராது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. அக்காள் தன் கடவுச்சொல்லைத் தானே, பழையதைச் சொல்லி மாற்றினால், சாவியும் அதற்கேற்ப மறுபடி காக்கப்படும். பழைய கடவுச்சொல் தெரியாமல், நிர்வாகி கணக்கிலிருந்து அதை மாற்றி அமைத்தால், பூட்டிய கோப்புகளும் சேமித்த கடவுச்சொற்களும் எட்டாமல் போகும். ஆகவே அக்காள் ஊருக்குப் புறப்படும் முன்பே, அவளே தன் கணக்கில் நுழைந்து பூட்டுகளை நீக்கிவிட்டுப் போகட்டும்.

எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தல்

நகலெடுத்து முடித்தாயிற்று. எல்லாம் வந்து சேர்ந்ததா? கண்ணால் பார்த்து ‘வந்ததுபோல் இருக்கிறது’ என்பது அறிவியல் ஆகாது. எண்ணுங்கள். ஆய்வுக் கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் தெரியும். மூலத்தில் 96, நகலில் எத்தனை?

84 என்றால் குறைவது 12. ஓர் இடத்தின் பன்னிரண்டு பௌர்ணமிகள். அதாவது ஒரு முழுக் கோப்புறை வரவில்லை. அந்தக் கோப்புறையின் அனுமதியைப் பாருங்கள். அது இணையச் சேமிப்பில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தகைய கோப்புகளுக்குப் பெயரும் அளவும் தெரியும். ‘வட்டில் உள்ள அளவு’ மட்டும் சுழியமாக இருக்கும். இணைய இணைப்புடன் முதலில் அவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும்.

88 என்றால் குறைவது 8. எட்டு இடங்களிலும் ஒவ்வொன்று. அதாவது ஒரு பௌர்ணமி முழுவதும் காணோம். அன்றைய கோப்புகளை அக்காள் ஆய்வுக் கோப்புறையில் சேர்க்கும் முன், முகப்புத் திரையிலோ வேறிடத்திலோ வைத்திருக்கலாம். இப்படி, குறையும் எண்ணே காரணத்தை நோக்கி விரல் நீட்டுகிறது.

காரணம் எந்தப் பக்கம் என்றே புலப்படவில்லையா? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் ஒருங்கே மாற்றினால் விளக்கு எரியலாம். பழுது எதில் என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். இங்கேயும் அதே வழிதான். சோதனைக்காக ஒரு புத்தம் புதிய கணக்கைத் தொடங்குங்கள். தம்பியின் கணக்கில் திறக்காத நிரல் அதில் திறந்தால், பழுது தம்பியின் புரொஃபைலில் இருக்கிறது. அதிலும் திறக்காவிட்டால், பழுது நிரலிலோ கணிப்பொறியிலோ இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி ஐயம் நீங்கிவிடுகிறது.

குடிமாறும் முறை

1. நகலெடுக்கும் முன், ஆய்வுக் கோப்புறையின் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. வெளி வட்டு ஒன்றில் ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள்.

3. பழைய பயனரே தன் கணக்கில் நுழைந்து, பூட்டிய கோப்புகளைத் திறந்து வைக்கட்டும். தனக்கு வேண்டிய கடவுச்சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

4. புதிய பயனர் தம் கணக்கில் ஒருமுறை நுழைந்து வெளியேறட்டும். அப்போதுதான் அவருடைய புரொஃபைல் உருவாகும்.

5. மூன்றாவது நிர்வாகி கணக்கிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் முகப்புக் கோப்புகளையும் நகலெடுங்கள். மறைந்த கோப்புறைகளை முழுவதும் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

6. எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு புதிய பயனரின் கணக்கில் நுழைந்து, கோப்புறைக்கு ஒன்றாகச் சில கோப்புகளைத் திறந்து, திருத்திச் சேமித்துப் பாருங்கள். திறப்பதற்கு ஓர் அனுமதி, எழுதுவதற்கு வேறோர் அனுமதி என்பதை மறவாதீர்கள்.

7. பழைய கணக்கை உடனே நீக்காதீர்கள். ஒரு பௌர்ணமி முதல் அடுத்த பௌர்ணமி வரை இருக்கட்டும். அதற்குள் விடுபட்டவை தாமாகவே நினைவுக்கு வரும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. நம் எடுத்துக்காட்டில் நகலில் 95 கோப்புகளே உள்ளன. 84 அல்லது 88 கிடைத்தபோது ஐயுற்ற காரணங்கள் இங்கே பொருந்துமா? வேறு எதை முதலில் சோதிப்பீர்கள்?

2. தம்பி தன் கணக்கின் பெயரை அக்காளின் பெயராகவே மாற்றிக்கொள்கிறான். அக்காளின் கோப்புறை அவனுக்குத் திறக்குமா? காரணம் கூறுக.

3. விண்டோஸிலுள்ள கோப்பு ஒன்று ‘அனுமதி இல்லை’ என்கிறது. நிர்வாகி அதை ஃபேட்-32 பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுக்கிறார். இப்போது அது யாருக்கெல்லாம் திறக்கும்? இதில் நன்மை என்ன, தீமை என்ன?